யூரிக் ஆசிட் இரண்டு புள்ளி ஆறு

என் ரத்தத்தில் யூரிக் ஆசிட் 2.6-க்கு இறங்கிய அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். செவிலிமேட்டில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தோம். பரீட்சையில் பாஸான பிள்ளைக்குச் செய்வதுபோல் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தக் கேசரியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அதை எழுதித் தீர்த்தால்தான் அடங்கும் போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். டயாலிசிஸில் இருப்பவர்களும் அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களும் படிக்கட்டும். மருத்துவமனைப் பெயர்களை எழுதவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், என் பெயர் உட்பட.

நான் டாக்டர் இல்லை, டிரைவர். காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸைப் பதினேழு வருஷம் ஓட்டினேன். வழியில் வண்டியை நிறுத்த முடியாது என்பதால் தண்ணீர் குடிக்கமாட்டேன். சிறுநீரை அடக்குவேன். நாற்பது வயதில் வலது கால் கட்டைவிரல் வீங்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கிற விரல். போர்வை பட்டாலே உயிர் போகும். மெடிக்கல் ஷாப்பில் போய் "கால் வலி" என்று இரண்டு வார்த்தை சொல்வேன், ஒரு வெள்ளை மாத்திரையும் ஒரு மஞ்சள் மாத்திரையும் மடித்துத் தருவார்கள். போட்டால் ஒரு மணி நேரத்தில் வண்டி ஏறிவிடலாம். ஆறு வருஷம் இப்படி எனக்கு நானே டாக்டராக இருந்தேன்.

அந்த வலிக்குப் பெயர் யூரிக் ஆசிட் வலி என்று பிறகுதான் தெரிந்தது. நாம் தின்கிற இறைச்சி, மீன், பருப்பு, நம் உடம்பில் தினமும் சாகிற அணுக்கள், எல்லாம் உடைந்து கடைசியில் யூரிக் ஆசிட் என்ற கழிவாகிறது. நல்ல சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாதபோது அது மூட்டில் போய்ப் பொடிப்பொடியாகப் படிந்து குத்தும். நான் விழுங்கிய வலி மாத்திரைகள் வலியை அடக்கிவிட்டு, சிறுநீரகத்தைத் தின்றன. மிச்சத்தை ரத்தக் கொதிப்பு தின்றது. ஒருநாள் வாலாஜாபாத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி வாந்தி எடுத்தேன். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் பதினொன்று. அதுவும் ஒரு கழிவுதான், ஒன்றை ஒட்டி இருக்கவேண்டும். டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா வலி மாத்திரை போடறீங்க?" என்று கேட்டார். நான் கணக்குப் போட்டுச் சொல்வதற்குள் என் மனைவி கிரேஸ் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது, டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தத்தில், யூரிக் ஆசிட் 9.4 இருந்தது. ஒரு ஜூனியர் டாக்டர் அதைப் பேனாவால் வட்டம் போட்டு, "இதைப் பாத்துக்குங்க" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த வட்டம்தான் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது.

இடது கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். தொட்டால் உள்ளே வண்டி எஞ்சின் ஓடுகிறமாதிரி அதிரும். அதில் இரண்டு ஊசி குத்தி, ஒன்றின் வழியாக ரத்தத்தை இழுத்து, மெஷினில் கழுவி, மற்றொன்றின் வழியாக உள்ளே விடுவார்கள். நாலு மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு எங்கள் ஊரிலேயே ஒரு சென்டரில். ஆறு மெஷின், ஆறு கட்டில். பஸ் ஓட்டக்கூடாது என்றுவிட்டதால் கான்ட்ராக்டர் என்னை ஷெட்டில் வண்டி அனுப்புகிற வேலைக்கு மாற்றியிருந்தார். பதினொன்றரைக்கு நான் அங்கே இருக்கவேண்டும். ஆனாலும் சென்டரில் எல்லோருக்கும் நான் டிரைவர்தான்.

பக்கத்துக் கட்டில் சம்பத் சாருக்கு. சின்ன காஞ்சிபுரத்துக்காரர், பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. கோவிலில் பிரபந்தம் ஓதுகிற கோஷ்டியில் நின்றவர். நிற்க முடியாமல் போனது அவருக்குச் சிறுநீரகம் போனதைவிடப் பெரிய குறை. என்னை "டிரைவர் சார்" என்று கூப்பிடுவார். முதலில் கிண்டல் என்று நினைத்து முறைத்தேன். பிறகு பார்த்தால் வார்டு பெருக்குகிற அம்மாவையும் "மேடம்" என்றுதான் கூப்பிட்டார். கோபப்பட முடியாத ஒரே ஆள் எனக்கு அந்த அறையில் அவர்தான்.

'மாட்டு' என்ற ஒரே ஒரு வார்த்தையில் நான் செய்த காரியத்தை இப்போது சொல்லவேண்டும்.

மாதத்துக்கு ஒருநாள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. மெஷினில் மாட்டுவதற்கு முன் ரத்தம் எடுக்கவேண்டும் என்பது விதி. என் முதல் மாதம், ரத்தம் பிடிக்கிற ட்யூப் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலமே லேப்காரன் கொடுத்துவிட்டுப் போயிருக்கவேண்டும், மறந்துவிட்டான். டெக்னீஷியன் ஷர்மிளா, இருபத்தைந்து வயதிருக்கும், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒரு மணி நேரம் உக்காருங்கண்ணா. லேபுக்கு போன் போட்டுக்கினே இருக்கேன்."

"ஒரு மணி நேரமா? எனக்கு டூட்டி இருக்குதும்மா. மாட்டு நீ."

"ரத்தம் முன்னாடியே எடுக்கணும்ண்ணா. டாக்டர் சொல்லியிருக்காரு."

"எப்ப எடுத்தா இன்னாம்மா? ரத்தம் ரத்தம்தான? முடிக்கறப்போ எடுத்துக்க. மாட்டுன்றேன்ல?"

அறையே அதிரக் கத்தினேன். அவள் மாட்டினாள். பத்து மணிக்கு, மெஷினைக் கழற்றும்போது ரத்தம் எடுத்தாள். லேப்காரனும் ஒன்பதரைக்கு ட்யூபோடு வந்திருந்தான். அடுத்த மாதமும் அப்படியே. எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. லேப்காரன் இரண்டு தடவை வரவேண்டாம், நாங்கள் காத்திருக்கவேண்டாம். மூன்றாம் மாதம் ஐந்து பேருக்கு முடிவில்தான் எடுத்தார்கள். சம்பத் சார் மட்டும் விதிப்படி முன்னால் எடுக்கச் சொல்லி, ட்யூப் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நான்தான் அவரையும் மாற்றினேன்.

வீட்டில் கிரேஸ் என் பத்தியத்தை ஆரம்பித்திருந்தாள். யூரிக் ஆசிட் குறைய என்ன சாப்பிடக்கூடாது என்று அவள் தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அதில் ஒருவர் பருப்பு கூடாது, மீன் கூடாது, கறி கூடாது, முட்டை கூடாது, காளான் கூடாது என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். அது சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற, கால்விரல் மட்டும் வலிக்கிற ஆட்களுக்கான பேச்சு. அது எங்களுக்குத் தெரியாது. கிரேஸ் அதைப் பார்த்து நோட்டில் எழுதி, ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிற வழியில் மீன் வாங்காமல் வந்த முதல் வாரம் எனக்கு நினைவிருக்கிறது.

"நீ வாங்கிக்க வேண்டியதுதான? நான் ஓரமா உக்காந்துக்கறேன்" என்றேன்.

"உங்கள வெச்சிக்கினு நான் மீன் துண்ணுவனா? வாசன வந்தாவே உங்களுக்கு நாக்கு ஊறும். வோணாம்பா."

அவளும் நிறுத்திவிட்டாள். சாதம், ரசம், சுரைக்காய், பூசணிக்காய், மோர் ஊற்றாத சோறு. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் இதைத்தான் தின்றோம். கருவாட்டுப் பானையைக்கூட அவள் அம்மா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அத்தனை அன்பு. அந்த அன்புக்காக யாரிடம் கோபித்துக்கொள்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

முதல் மாதம் 3.4 வந்தது. இரண்டாம் மாதம் 3.0. மூன்றாம் மாதம் 2.6. கேசரி.

9.4-இலிருந்து 2.6! மாதத்துக்கு ஒருமுறை வருகிற டாக்டர் தாளைப் பார்த்து "குட்" என்று கையெழுத்துப் போட்டார். ரத்தம் எப்போது எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. தாளிலும் எழுதவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு அறை முழுவதற்கும் வகுப்பு எடுத்தேன். பருப்பை விடு, முட்டையை விடு, என்னைப் பார். சம்பத் சாருக்கு 7.4.

"ஏன் டிரைவர் சார், உங்க மெஷின்ல மட்டும் ஸ்பெஷலா ஏதாவது போடறாளா? எனக்கு ஏழுக்குக் கீழ எறங்கவே மாட்டேங்கறதே!"

"பருப்ப நிறுத்துங்க சார். நீங்க கறி, மீனு துண்றதில்ல. உங்களுக்கு இருக்கற ஒரே வில்லன் பருப்புதான்."

"பருப்பு இல்லாம ஆத்துல என்னத்த தளிகை பண்றது? ஒண்ணுமே இல்லையே."

"ரெண்டு மாசம் பண்ணிப் பாருங்க சார். அப்பால சொல்லுங்க. ரத்தத்துக்கும் சும்மா ஒரு மணி நேரம் பெஞ்சில உக்காராதீங்க. எங்கள மாதிரி கடைசில குடுங்க."

அவர் சிரித்தார். அடுத்த மாதம் முடிவில் ரத்தம் கொடுத்தார். 2.7. என் கையை ஊசி இல்லாத தன் கையால் பிடித்து, "நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்றார். நான் அன்று முழுக்க மிதந்தேன்.

என் கன்னம் ஒட்டியது. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் ஒரு புது ஓட்டை போட்டேன், பிறகு இன்னொன்று. படிக்கட்டு ஏறினால் இரைத்தது. கிரேஸ் என் முதுகைத் தடவிவிட்டு, "எலும்பு எலும்பா தட்டுப்படுதே, டாக்டராண்ட சொல்லலாம்பா" என்றாள். நான் சென்டரில் எடை போடுகிற மெஷினைச் சாட்சிக்கு இழுத்தேன். ஆரம்பத்தில் எனக்கு ட்ரை வெயிட் அறுபத்தொன்று கிலோ என்று எழுதியிருந்தார்கள். உடம்பில் தேங்கிய தண்ணீரெல்லாம் எடுத்தபின் இருக்கவேண்டிய எடை அது. சிறுநீர் போகாதவனுக்குக் குடிக்கிற தண்ணீர் உள்ளேயே நிற்கும், ஒவ்வொரு தடவையும் மெஷின் அதை இழுத்து அறுபத்தொன்றில் கொண்டுவந்து விடும். நாலு மாதமாக நான் அறுபத்தொன்று. "எடை கொறையலியே! மெஷினு பொய் சொல்லுமா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

மெஷின் பொய் சொல்லவில்லை. என் சதை கரைந்துகொண்டிருந்தது. கரைந்த சதைக்குப் பதிலாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எடை மட்டும் அதே அறுபத்தொன்று.

சனிக்கிழமைக்குப் பிறகு செவ்வாய்தான் டயாலிசிஸ். அந்த நீண்ட இடைவெளியில் ஒரு திங்கள்கிழமை, காலை பத்து மணி வெயிலில், வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிர முடியவில்லை. மூச்சு உள்ளே போகவில்லை. வாயைத் திறந்து இழுத்தால் மார்பில் களகளவென்று சத்தம். தண்ணீருக்குள் தலையை அமுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் காரில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்ததால் பின் சீட்டில் கிரேஸ் என்னை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டாள். "சாவாதீங்க, சாவாதீங்க" என்று திட்டுவது மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நாற்பத்தேழு வயதில் ஒரு காரின் பின் சீட்டில் சிறுபிள்ளை மாதிரி பயந்தேன்.

அங்கே ஸ்ட்ரெச்சர் இல்லை என்றார்கள். ஒரு சக்கர நாற்காலிக்குச் சக்கரம் மூன்றுதான் சுழன்றது. முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க்கை மாட்டி காற்றை அழுத்தி உள்ளே தள்ளினார்கள். மார்பு எக்ஸ்ரேயில் கறுப்பாக இருக்கவேண்டிய நுரையீரல் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் தண்ணீர். அவசர டயாலிசிஸ். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் பிரஷர் இறங்கிவிடும் என்று நாலு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அறுபத்தொன்றுக்குக் கீழே மட்டும் ஐந்தரை லிட்டர். ஐந்தாம் நாள் என் எடை ஐம்பத்தைந்தரை. கண்ணாடியில் பார்த்தேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அங்கே சிறுநீரக டாக்டர் ஒரு அம்மா. இனிப்பாகப் பேசத் தெரியாதவர். வியாழக்கிழமை காலை ரவுண்ட்ஸில் என் பழைய தாள்களையெல்லாம் கட்டில்மேல் பரப்பிப் பார்த்தார்.

"கடைசியா எப்ப முட்டை சாப்பிட்டீங்க?"

"நாலு மாசம் ஆச்சு மேடம்" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. "பருப்பு, மீனு, எதுவும் தொடறதில்ல. யூரிக் ஆசிட் ரெண்டு புள்ளி ஆறுக்கு வந்துடுச்சு."

அவர் தாளைக் கீழே வைத்தார்.

"டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு யூரிக் ஆசிட் இவ்ளோ கம்மியா இருந்தா நான் சந்தோஷப்பட மாட்டேங்க. பயப்படுவேன். ஆள் சாப்பிடலைன்னு அர்த்தம். கிட்னி கெட ஆரம்பிக்கறப்போதான் புரோட்டீனைக் குறைக்கச் சொல்லுவோம். டயாலிசிஸ் ஆரம்பிச்சிட்டா கதையே வேற. மெஷின் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சத்தையும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போவும். மத்தவங்களைவிட நீங்க அதிகமாச் சாப்பிடணும். ஆல்புமின் பாத்தீங்களா? ரெண்டு புள்ளி நாலு."

ஆல்புமின் என்பது ரத்தத்தில் ஓடுகிற புரதச் சத்து, நான்கை ஒட்டி இருக்கவேண்டுமாம். அதுவும் அந்தத் தாள்களில் மாதாமாதம் இறங்கிக்கொண்டேதான் வந்திருந்தது. ஒருவரும் அதற்கு வட்டம் போடவில்லை.

பிறகு அவர் ஏதோ யோசித்து, "இருந்தாலும் இது ரொம்பக் குறைச்சலா இருக்கே. ரத்தம் எப்ப எடுத்தாங்க? மாட்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார்.

"பின்னாடி" என்றேன்.

அந்த அம்மா கத்தவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. நாலு மணி நேரம் கழுவிய ரத்தத்தில் எல்லாக் கழிவும் குறைவாகத்தான் இருக்கும், பெருக்கி முடித்த தரையில் குப்பை எவ்வளவு என்று பார்க்கிறமாதிரி அது, என்று நர்ஸுக்கும் சேர்த்துப் பொறுமையாகச் சொன்னார். கழுவுவதற்கு முன் எனக்கு எட்டோ ஒன்பதோ இருந்திருக்கலாம், பட்டினி கிடந்ததால் ஆறாகவும் இருந்திருக்கலாம், இனி தெரிந்துகொள்ள வழியில்லை. டயாலிசிஸ் ஆளுக்கு முன்னால் எடுத்ததில் ஏழு, எட்டு இருந்தால், மூட்டு வலியும் இல்லாவிட்டால், அதற்காகச் சாப்பாட்டை வெட்டவே தேவையில்லை என்றார். நான்கு மாதம் நான் கொண்டாடியது மெஷினின் வேலையை. என் பத்தியம் செய்த வேலை என் சதையைத் தின்றது மட்டும்தான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வட்டம் போட்ட ஜூனியர்மேல், "குட்" எழுதியவர்மேல், ட்யூபை மறந்த லேப்காரன்மேல், விரல் மடக்கிய வீடியோக்காரன்மேல். ஒரு உயிரைப் பிடித்து வைத்திருக்கிற இடத்தில் ஒருத்தராவது ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா? எங்களிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து, என்ன தின்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு வாய் இல்லையா? நினைக்க நினைக்க பிரஷர் ஏறி, நர்ஸ் வந்து அதட்டினாள்.

மத்தியானம் கிரேஸ் கேன்டீனிலிருந்து இரண்டு அவித்த முட்டை வாங்கி வந்தாள். மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தட்டில் வைத்தாள்.

"நான்தான் உங்கள பட்டினி போட்டுட்டேன்" என்றாள். "பாத்துப் பாத்து ஆக்கிப் போட்டேனே. வெஷத்தயா போட்டேன்?"

"நான் துன்னேன்ல. நீயும்தான் துன்னலையே நாலு மாசமா" என்றேன். ஒன்றை அவள் பக்கம் தள்ளினேன்.

அப்போதுதான் எனக்குச் சம்பத் சார் நினைவு வந்தது.

பருப்பை நிறுத்தி இரண்டு மாதம். எனக்காவது உடம்பில் கொஞ்சம் கறி, மீன் சேர்த்துவைத்த சதை இருந்தது. அவருக்கு இருந்ததே பருப்பு ஒன்றுதான், அதையும் நான் பிடுங்கிவிட்டேன். கடந்த வாரம் அவர் வேட்டியை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிக் கட்டியிருந்தது கண்முன் வந்தது. போன் கையில்தான் இருந்தது. அவர் எண்ணும் அதில் இருந்தது.

நான் போன் செய்யவில்லை.

ஏன் என்று நேர்மையாக எழுதுகிறேன். "டாக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்று சொன்ன மனுஷனிடம், நான் ஒரு முட்டாள், நான் சொன்னதெல்லாம் தப்பு என்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை கிரேஸ் கேட்டாள், "சம்பத் சாருக்குச் சொல்லிட்டீங்களா?" நான், "செவ்வாக்கெழம நேர்ல பாக்கறப்போ வெவரமா சொல்லிக்கலாம். போன்ல சொன்னா புரியாது" என்றேன். இரண்டு மாதம் கட்டிலில் படுத்துக்கொண்டு கத்திக் கத்தி வகுப்பெடுத்தவனுக்கு, போனில் புரியவைக்கத் தெரியாதாம்! சனிக்கிழமை டிஸ்சார்ஜ் ஆனேன். ஞாயிறு வீட்டில் மீன் வாங்கினோம். திங்கள் சும்மா இருந்தேன்.

செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கே சென்டருக்குப் போய்விட்டேன். என்னென்ன சொல்லவேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் வேறு ஒரு ஆள், புதியவர், உட்கார்ந்திருந்தார். ஷர்மிளா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சார் நேத்து காலைல தவறிட்டாருண்ணா. வீட்டுலயே. பாத்ரூமுக்கு எழுந்தாராம், அப்படியே சாஞ்சிட்டாராம்."

நான் அவள்மேல் பாய்ந்தேன். முன்னால் ரத்தம் எடுக்கவேண்டும் என்று தெரிந்தும் ஏன் பின்னால் எடுத்தாய், நீ படித்தவள்தானே, உனக்குத் தெரியாதா, எத்தனை பேரைச் சாகடிப்பாய் என்று. ஊசி குத்தக் காத்திருந்த மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் சொன்னாள்.

"சொன்னேன்ல அண்ணா அன்னிக்கு. நீங்க கத்தனதுல என் கையே ஆடிப்போச்சு. அப்பால எல்லாரும் அப்படியே கேட்டாங்க. நானும் ஸ்ட்ராங்கா நின்னிருக்கணும். தப்புதான். ஆனா சார மாத்தனது நான் இல்லண்ணா."

கையை நீட்டினேன். அவள் முதலில் ட்யூபில் ரத்தம் எடுத்தாள், தாளில் பெரிய எழுத்தில் 'முன்' என்று எழுதினாள், பிறகு மாட்டினாள். நாலு மணி நேரம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். இப்போது அந்தச் சென்டரில் ட்யூப் வராவிட்டால் பரிசோதனையையே அடுத்த முறைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ட்ரை வெயிட்டை மாதாமாதம் பார்த்துத் திருத்துகிறார்கள். நான் போட்ட சண்டையில் அது ஒன்றுதான் உருப்படி.

செங்கல்பட்டு டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டேன், பருப்பு நிறுத்தியதால்தான் அவர் போனாரா என்று. "அப்படிச் சொல்ல முடியாது. வயசு, சுகர், ஹார்ட், எத்தனையோ இருக்கும். நான் அவரைப் பாத்ததே இல்லையே" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா, தெரியவில்லை. எனக்கு ஆறுதலும் வேண்டியிருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் காலை சம்பத் சார் வீட்டுக்குப் போனேன். சின்ன காஞ்சிபுரத்தில் குறுகலான தெரு. எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். அவருடைய மனைவியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். வாசலில் நின்று பெயரைச் சொன்னதும், "டிரைவர் சாரா? வாங்கோ, உள்ள வாங்கோ" என்று நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லை. டிரைவர் சார் இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்னு சொல்லுவார். நீங்க சொன்ன பத்தியத்த அவர் ஒருநாள்கூட மீறலை. பருப்பு இல்லாத சாத்தமுதுதான் ரெண்டு மாசமும். கோவில்லேர்ந்து பொங்கல் வந்தது, கண்ணுல ஒத்திண்டு அப்படியே என்கிட்ட குடுத்துட்டார். பசிக்கலையான்னு கேட்டா, டிரைவர் சார் தாங்கறாரே, நான் தாங்க மாட்டேனான்னுவார்."

உள்ளே போய் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் மடியில் பிரித்துவைத்தார். கடைசித் தாளில் யூரிக் ஆசிட் 2.4 என்றிருந்தது. அதற்கு நாலு வரி மேலே ஆல்புமின் 2.2. எனக்கு இப்போது அதை வாசிக்கத் தெரியும்.

"கொறைஞ்சுண்டேதானே வந்தது. ஒரு தடவைகூட ஏறலையே" என்றார் மாமி. "நீங்க விஷயம் தெரிஞ்சவர், அதான் கேக்கறேன். நம்பர் நன்னாத்தானே இருந்தது?"

லேப்காரனை, டாக்டரை, ஷர்மிளாவை, என் மைத்துனனை என்று ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் நின்று கத்தியவன் நான். சொல்ல வேண்டிய ஒரே வீட்டில், சொல்ல வேண்டிய ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். வாயைத் திறந்தேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு மாமி" என்றேன்.